நான்கு மணிக்கு வரும் மழை

இம்மாதம் இரண்டு புதிர்களோடு தொடங்குவோம்.

உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மெக்சிகோ நாட்டின் தலைநகரான மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ அதே 2,240 மீட்டர் உயரத்தில்தான் அமைந்திருக்கிறது. உதகை நிலநடுக்கோட்டிற்கு 11 பாகை வடக்கே உள்ளது. மெக்சிகோ நகரம் 19 பாகைக்குச் சற்று மேலே, இன்னும் வடக்கே உள்ளது. உயரம் ஒன்றே, ஆனால் ஒன்று நிலநடுக்கோட்டிலிருந்து மேலும் விலகி நிற்கிறது. அப்படியானால் எது குளிர்ச்சியான ஊர்? மெக்சிகோ நகரம் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? ஆனால் மே மாதத்தில் உதகையின் பகல் வெப்பநிலை 22°, 23° செ. அளவில் நிற்க, மெக்சிகோ நகரில் அது 26°, 27° செ. வரை ஏறிவிடுகிறது. 2024ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அங்குள்ள தகுபாயா வானிலை நிலையத்தில் 34.7° செ. பதிவாயிற்று. உதகையில் இப்படி ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள்!

இரண்டாவது புதிர். மெக்சிகோ நகரம் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஆண்டில் இரண்டு முறை சூரியன் அதன் உச்சிக்கு நேர்மேலே வருகிறது. முதல் முறை மே 17ஆம் நாளையொட்டி. இரண்டாம் முறை ஜூலை 26ஆம் நாளையொட்டி. இரு நாட்களிலும் நண்பகலில் கொடிக்கம்பத்திற்கு நிழலே இராது. சூரியன் ஒன்றுதான், நிற்கும் இடமும் ஒன்றுதான். ஆனாலும் மே மாதம் ஆண்டிலேயே வெப்பம் மிக்க மாதம். ஜூலையோ இதமான மாதம். மே மாதத்தைவிட மூன்று பாகை குறைவாகக்கூட இருக்கும். ஏன்?

இரண்டு புதிர்களில் இரண்டாவதற்கு விடை ஒரே சொல்லில் இருக்கிறது: மழை. அந்த மழை எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டால் முதற்புதிருக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கிண்ணத்தின் அடியில் ஒரு நகரம்

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். உதகை நீலகிரி மலையின் மேலே அமர்ந்திருக்கும் ஊர். மலையைச் சுற்றிலும் திறந்த வெளியில் குளிர்ந்த காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. நிலம் சூடேறினாலும் அந்தச் சூட்டைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். மெக்சிகோ நகரம் அப்படியன்று. அது ஒரு பரந்த பீடபூமியின் நடுவே, மலைகள் சூழ்ந்த ஒரு பெருங்கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. தெற்கே அஜுஸ்கோ சிகரம் ஏறத்தாழ 3,930 மீட்டர். தென்கிழக்கே பனி மூடிய போபோகாதெபெத்தல் எரிமலை 5,400 மீட்டருக்குக் குறையாது. மேற்கிலும் கிழக்கிலும் மலைத்தொடர்கள். இந்தக் கிண்ணத்திலிருந்து இயற்கையாக வெளியேறும் ஆறு ஒன்றுகூட இல்லை. முன்பு இதன் அடியில் ஏரிகள் இருந்தன. ஆஸ்தெக் மக்கள் ஏரியின் நடுவே ஒரு தீவில்தான் தங்கள் தலைநகரைக் கட்டினார்கள். பின்னர் வந்த ஸ்பானியர் ஏரிகளை வற்றடித்தார்கள். இன்று அந்த ஏரிப்படுகையின் மேலும் சுற்றிலுமாக ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் வாழ்கிறார்கள்.

பரந்த பீடபூமியை வளிமண்டலத்தின் நடுவே தூக்கி வைத்த ஒரு தோசைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளிமண்டலத்தின் மொத்தக் காற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதற்குக் கீழேயே தங்கிவிடுகிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 780 மில்லிபார்தான். கடல் மட்டத்தில் 1,013 மில்லிபார். (இதனால் அங்கே தண்ணீர் 93° செ. அளவிலேயே கொதித்துவிடும். மொச்சை, பயறு வேகவைக்க அங்குள்ள தாய்மார்களுக்குப் பிரஷர் குக்கர் பெரிதும் உதவும்.) காற்று மெல்லியதாக இருப்பதால் சூரியக் கதிர் அதிகம் தேயாமல் தரையை அடைகிறது. தரை சூடேறுகிறது, தரையைத் தொட்ட காற்றும் சூடேறுகிறது, சுற்றி மலைகள் நிற்பதால் அந்தச் சூடு எளிதில் வெளியேறுவதில்லை. உதகையைவிட அந்நகரம் வெப்பமாக இருப்பதன் காரணங்களில் இது முதன்மையானது. தார்ச்சாலைகளும் கட்டடங்களும் தம் பங்கிற்குக் கொஞ்சம் கூட்டுகின்றன.

மழைக்கு முந்திய வானம்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வறண்ட காலம். உயரத்தில் மேலைக்காற்று வீசுகிறது. மேலிருந்து கீழ்நோக்கி மெல்ல அமுங்கும் வறண்ட காற்று, கிண்ணத்திற்கு ஒரு மூடிபோல் அமைந்துவிடுகிறது. வாகனப் புகையும் தூசியும் அதனுள்ளே சிக்கிக்கொள்ளும். புகையின்மேல் வெயில் விழும்போது ஓசோன் என்ற வாயு தரைமட்டத்திலேயே உண்டாகிறது. உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன் தரையில் நுரையீரலை வருத்தும். ஆகவே மார்ச் முதல் மே வரை அந்நகரத்தாருக்கு மூச்சுக்குச் சோதனையான காலம். 2019 மே மாதத்தில் மழை தாமதிக்க, சுற்றுவட்டாரக் காட்டுத் தீயின் புகையும் வந்து சேர்ந்துகொண்டது. அப்போது பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்க வேண்டியதாயிற்று. விடுமுறை என்றதும் மகிழாதீர்கள். பிள்ளைகள் வெளியில் விளையாடக் கூடாது என்பதற்காக விட்ட விடுமுறை அது!

ஏப்ரல் கடைசியிலிருந்து காட்சி மாறுகிறது. சூரியன் வடக்கே நகர நகர, மேலைக்காற்றின் பட்டையும் வடக்கே ஒதுங்குகிறது. அதன் இடத்தில் கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வருகிறது. அது கரீபியன் கடலையும் மெக்சிகோ வளைகுடாவையும் தடவி, ஈரம் சுமந்து வருவது. நம் தென்மேற்குப் பருவக்காற்றைப் போல ஒரே நாளில் ஆரவாரத்தோடு நுழையாது. இரண்டு நாள் ஈரம் வரும், மூன்று நாள் வறட்சி திரும்பும். மார்ச்சில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மழை. மே மாதத்தில் ஆறு. ஜூனில் பதினான்குக்குக் குறையாது. இந்தத் தயக்கமே அங்கு மழைக்காலத் தொடக்கத்தின் இயல்பு.

ஒரு பொழுது

மே கடைசி வாரத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்குக் காற்று 13° செ. அளவில் சில்லென்று இருக்கும். வானம் வெளுப்பாக, முகில் இல்லாமல் இருக்கும். பத்து மணிக்குள் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். நண்பகலில் நிழல் காலடியில் சுருண்டுவிடும். இரவு பெய்த மழைக்கு அடையாளமே தெரியாது.

இந்த வேளையில் மலைச்சரிவுகளைப் பாருங்கள். சரிவில் விழும் வெயில், அங்கே தரையை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. அதே உயரத்தில், கிண்ணத்தின் நடுவே அந்தரத்தில் நிற்கும் காற்றோ அவ்வளவு சூடாவதில்லை. எனவே சரிவுக் காற்று இலேசாகி மலையின் மேலே ஏறுகிறது. அந்த இடத்தை நிரப்ப நகரத்தின் காற்று மலையை நோக்கி நகர்கிறது. ஒரு மணியளவில் அஜுஸ்கோவின் உச்சியில் பஞ்சுப்பொதி போன்ற திரள் முகில்கள் தலைகாட்டுகின்றன. இரண்டு மணிக்கு அவை காலிபிளவர் பூப்போல் பொங்குகின்றன. மூன்று மணிக்கு அடிப்பகுதி கறுத்து, உச்சி வெண்மையாக விரிந்து, கார்திரள் முகிலாகிவிடுகிறது. பிறகு திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று, தூசி கிளம்பும், கதவுகள் அடித்துக்கொள்ளும், பெரிய பெரிய துளிகள் விழும். நான்கு மணியிலிருந்து மாலைக்குள் நகரின் ஏதோ ஒரு பகுதியில் கொட்டித் தீர்த்துவிடும். அரைமணிக்குள் வெப்பநிலை பத்துப் பாகைகூட இறங்கிவிடும். ஒரு தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்க, ஐந்து கிலோமீட்டர் தள்ளி உள்ளவர் ஒரு சொட்டையும் காணாமல் இருப்பதும் உண்டு.

அந்தக் குளிர்ந்த காற்று எங்கிருந்து வந்தது? முகிலின் அடியிலிருந்து தரைவரை உள்ள காற்று, மழைக்காலத் தொடக்கத்தில் இன்னும் வறண்டதாகவே இருக்கிறது. அதனூடே விழும் துளிகளில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே விழுந்து, தரையில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் காற்று முழுதும் ஈரமாகிவிட்ட பிறகு இந்தச் சீற்றம் தணிந்துவிடும். மழை அமைதியாக, இரவிலும் நீடித்துப் பெய்யும்.

முகிலின் அடி எவ்வளவு உயரம்?

இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மிகவும் எளிய கணக்கு. ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. முகில் உண்டாகும்வரை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10° செ. குளிரும். எந்த வெப்பநிலையில் காற்றிலுள்ள ஆவி நீராகத் தொடங்குகிறதோ அதற்குப் பனிநிலை என்று பெயர். காற்று விரியும்போது பனிநிலையும் சற்றே குறைகிறது, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2° செ. ஆகவே காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8° செ. வீதம் சுருங்குகிறது. 1,000ஐ 8ஆல் வகுத்தால் 125. அதாவது, ஒவ்வொரு பாகை இடைவெளிக்கும் காற்று 125 மீட்டர் ஏற வேண்டும். இடைவெளி முற்றும் மறையும் உயரமே முகிலின் அடி.

வறண்ட காலத்தில் பிற்பகல் வெப்பநிலை 26° செ., பனிநிலை 2° செ. என்று கொள்வோம். இடைவெளி 24. அதை 125ஆல் பெருக்கினால் 3,000 மீட்டர். நகரின் உயரத்தையும் கூட்டினால் கடல் மட்டத்திற்கு மேல் 5,240 மீட்டர். சூழ்ந்துள்ள மலைகளில் போபோகாதெபெத்தலின் உச்சியைத் தவிர எதுவும் அவ்வளவு உயரம் இல்லை. காற்று அந்த உயரத்தை எட்டுவதற்குள் மேலேயுள்ள மூடி அதைத் தடுத்துவிடும். ஆகவே முகில் இல்லை.

இனி மே கடைசி. வெப்பநிலை 25° செ., பனிநிலை 11° செ. என்று கொள்ளுங்கள். இடைவெளி 14தான். 14 × 125 = 1,750 மீட்டர். நகரின் 2,240ஐக் கூட்டினால் 3,990 மீட்டர். அஜுஸ்கோவின் உயரம் என்ன என்று சொன்னேன்? ஏறத்தாழ 3,930! மலைச்சரிவில் ஏறிய காற்று உச்சியை எட்டும்போதே முகிலாகிவிடுகிறது. மலைக்குத் தொப்பி வைத்ததுபோல் முதல் முகில் ஏன் அங்கே பிறக்கிறது என்பது விளங்குகிறதா? வெப்பநிலை ஒரு பாகைதான் மாறியது. மாறியது ஈரம்.

முகில் பிறந்ததும் இன்னொரு செயல் தொடங்குகிறது. ஆவி நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. அதனால் ஏறும் காற்று முன்போல் வேகமாகக் குளிர்வதில்லை. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவே இருந்து, இன்னும் வேகமாக ஏறுகிறது. முகில் தன் அடுப்பைத் தானே மூட்டிக்கொள்கிறது என்று சொல்லலாம். பிற்பகல் காற்று தென்மேற்கு மலைகளை நோக்கித் தள்ளுவதால் மழையும் அந்தப் பக்கமே அதிகம். அஜுஸ்கோ சரிவுகளில் ஆண்டுக்கு 120 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ய, கிழக்கே பழைய தெஸ்கோகோ ஏரிப் பக்கம் அதில் பாதிதான் கிடைக்கிறது. ஒரே நகரத்தில் இரண்டு மழைமானிகள் இவ்வளவு வேறுபடுகின்றன.

வெயில் காலத்தில் ஆலங்கட்டி

குளிர்காலத்தில் அல்ல, இந்த வெப்பமான மாதங்களில்தான் அங்கே ஆலங்கட்டி விழுகிறது. இது பலரை வியப்பில் ஆழ்த்தும். இங்கும் உயரமே காரணம். கோடையில் அப்பகுதியில் காற்று 0° செ. ஆகும் மட்டம் ஏறத்தாழ 4,900 மீட்டர். முகிலின் அடி 3,990 என்று இப்போதுதானே கண்டோம்? அப்படியானால் அடியிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூடப் போகாமல், முகிலின் மற்ற பகுதி முழுவதும் உறைநிலைக்குக் கீழே இருக்கிறது. அங்கே உறையாமல் நிற்கும் அதிகுளிர்ந்த நீர்த்துளிகள், பனிக்கட்டித் துகள் ஒன்றின்மேல் மோதியவுடன் உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. கட்டி பெரிதாகி விழுகிறது. சென்னையில் விழவேண்டிய கட்டி உறைநிலை மட்டத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் வெப்பக் காற்றைக் கடந்து வரவேண்டும். பெரும்பாலும் வழியிலேயே உருகி மழைத்துளியாகிவிடும். மெக்சிகோ நகரிலோ இரண்டரை கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டினால் தரை வந்துவிடுகிறது. உருக நேரமில்லை.

அதே நாட்டின் மற்றொரு மேட்டு நகரமான குவாதலஹாராவில் 2019 ஜூன் 30ஆம் நாள், சில தெருக்களில் ஒன்றரை மீட்டர் உயரத்திற்கு ஆலங்கட்டி குவிந்து வாகனங்களைப் புதைத்தது. உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் படம் போட்டன. அவ்வளவு கட்டியும் நேரே வானிலிருந்து ஒரே இடத்தில் விழுந்ததாக எண்ணிவிடாதீர்கள். சரிவான தெருக்களில் ஓடிய வெள்ளம் மிதக்கும் கட்டிகளை அடித்துவந்து தாழ்ந்த இடங்களில் சேர்த்துவிட்டது. வியப்பான செய்தியைப் படிக்கும்போது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்றும் கேட்டுப் பழகுங்கள்.

இன்னொரு கதையும் சொல்லவேண்டும். 1964 ஏப்ரல் 16ஆம் நாள், ஆஸ்தெக் மக்களின் மழைத் தெய்வமான திலாலோக்கின் சிலை என்று கருதப்படும் 168 டன் எடையுள்ள ஒரு பெருங்கல்லை, கோவாத்லிஞ்சான் என்ற சிற்றூரிலிருந்து நகரின் மானிடவியல் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவந்தார்கள். சிலை நகருக்குள் வந்ததும் பெருமழை கொட்டியது. தெய்வம் தன் வருகையை அறிவித்தது என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். கதை அழகானது; மழை பெய்ததும் உண்மை. ஆனால் ஏப்ரல் நடுவில் அங்கே தனித்தனி இடிமழைகள் வருவது புதிதன்று. ஏப்ரல் மாதச் சராசரி மழையே ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் உண்டு. மே நடுவில் கொண்டுவந்திருந்தால் திலாலோக்கிற்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும்!

ஜூலை ஏன் இதமானது?

இப்போது இரண்டாம் புதிரை நீங்களே அவிழ்த்துவிடுவீர்கள். ஜூலையில் சூரியன் மீண்டும் உச்சிக்கு வந்தாலும், நண்பகல் தாண்டியதும் முகில் திரைபோட்டுவிடுகிறது. எஞ்சிய வெயிலின் ஒரு பகுதி ஈரத் தரையை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. இரவிலோ முகில்கள் போர்வைபோல் தரையின் சூட்டைக் காக்கின்றன. அதனால் பகல் குளிர்ந்து, இரவு கதகதப்பாகிறது. மார்ச்சில் பகலுக்கும் இரவுக்கும் ஏறத்தாழ 15 பாகை வித்தியாசம் இருக்கும். ஜூலையில் பத்து, பதினொன்றாகக் குறைந்துவிடும். மழை தாமதித்தால் மே மாதத்தின் வெயில் தடையின்றி நீளும். 2024இன் 34.7° செ. அப்படி வந்ததுதான். அந்த மாதத்தில் நகருக்குத் தண்ணீர் அனுப்பும் குட்சமாலா நீர்த்தேக்கங்களில் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கேதான் அந்நகரின் பெரிய சங்கடம் இருக்கிறது. வெளியேற வழியில்லாத கிண்ணத்தில் பெய்யும் மழையை என்ன செய்வது? 1607இல் என்ரிகோ மார்த்தினெஸ் என்ற பொறியாளர் வடக்கே மலையைக் குடைந்து வடிகால் அமைக்கத் தொடங்கினார். அது போதவில்லை. 1629 செப்டம்பரில் பெய்த அடைமழையில் மூழ்கிய நகரம், 1634 வரை ஐந்து ஆண்டுகள் தண்ணீரில் நின்றது. மக்கள் தெருக்களில் படகு விட்டார்கள். 1900இல் பெருங்கால்வாய், 1975இல் ஆழ்நிலச் சுரங்க வடிகால், 2019இல் 62 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்குச் சுரங்கம் என்று வேலை தொடர்ந்தது. நானூறு ஆண்டுகளாக மழைநீரை வெளியே அனுப்பப் பாடுபட்ட அந்நகரம், குடிநீருக்குத் தரையடி நீரை இறைக்கிறது. இறைக்க இறைக்கப் பழைய ஏரிக்களிமண் அமுங்கி நகரம் தாழ்கிறது. சில இடங்களில் ஆண்டுக்கு 40 சென்டிமீட்டருக்கும் மேல். தரை தாழ்ந்ததால் பெருங்கால்வாயின் சரிவே கெட்டு, தண்ணீரை எந்திரம் வைத்துத் தள்ள வேண்டியதாயிற்று. போதாத குடிநீரைத் தொலைவிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். நான்கு மணி மழையோ சுரங்கத்தில் இறங்கி மறைந்துவிடுகிறது. அண்மைக் காலமாகச் சில வீடுகளிலும் பள்ளிகளிலும் கூரைநீரைத் தொட்டிகளில் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கும் தொடக்க மழையைப் பிடிப்பதில்லை; கூரையிலும் காற்றிலும் ஆறு மாதமாகச் சேர்ந்த அழுக்கு அதில் இருக்கும்.

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் முகிலின் அடி எவ்வளவு உயரம்? பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு சாதாரணத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வுக்கூட வெப்பமானி ஒன்றும், கொஞ்சம் பனிக்கட்டியும் வேண்டும். பிற்பகல் இரண்டு மணியளவில் நிழலான திறந்த இடத்தில் முதலில் காற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பனிக்கட்டியைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் இட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்புறம் முதன்முதலாக மங்கும் கணத்தில் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். கலக்குவதை நிறுத்தி, மங்கல் மறையும்போது மீண்டும் பாருங்கள். இரண்டின் சராசரியே பனிநிலை. டம்ளரின்மேல் உங்கள் மூச்சுப் படக்கூடாது. பட்டால் உங்கள் மூச்சின் பனிநிலையைத்தான் அளப்பீர்கள்.

காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125ஆல் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக 37° செ., 25° செ. என்று வந்தால் 1,500 மீட்டர். தரையிலிருந்து எழும் பஞ்சுப்பொதி முகில்களுக்குத்தான் இது பொருந்தும். காலை வானத்தை மூடும் படலத்திற்குப் பொருந்தாது. அருகில் உயரம் தெரிந்த மலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு வசதி அதிகம். முகில் மலையின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்த்து, உங்கள் ஊரின் உயரத்தையும் கூட்டி, கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மழைக்கு முந்திய பத்து நாட்கள் தொடர்ந்து செய்து ஒரு தாளில் குறித்து வாருங்கள். அந்த எண் நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று கவனியுங்கள்.